அம்மாவின் இன்ஹேலரும் அப்பாவின் சத்தமும்

அன்புள்ள மூத்த குட்டிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் ஒழுங்காக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் அப்படியே இருக்க வேண்டும். இதென்ன புது மாதிரி நல விசாரிப்பு என்று நினைப்பாய், காரணம் இருக்கிறது, போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

போன வாரம் உன் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள். பதறாதே, வீட்டுக்கு வந்துவிட்டாள், இப்போதுகூட அடுப்படியில் உன் தங்கச்சியைத் திட்டிக்கொண்டிருக்கிறாள், நடுவில் நிறுத்தாமல் முழு வாக்கியமாகத் திட்டுகிறாள், அதைக் கேட்டுக்கொண்டேதான் நிம்மதியாக எழுதுகிறேன். உனக்குத் தெரியும், மெத்தைக் கடையில் பஞ்சு அடைக்கிற வேலைக்குப் போனதிலிருந்து அவளுக்கு இருமலும் இரைப்பும். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம். டாக்டர் இன்ஹேலர் கொடுத்திருந்தார். நான் என்ன சொன்னேன்? எல்லாம் மனசுதான், சும்மா எதையாவது நினைத்துக் கவலைப்படுகிறாய் என்றேன். வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் நாள் முழுக்க ‘பயப்படாதீங்க, மூச்ச விடுங்க’ என்று சொல்லிச் சொல்லி, உலகத்தில் யாருக்கு மூச்சு முட்டினாலும் பயம்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். என்னைத் தவிர. எனக்கு வந்தால் மட்டும் அது ஆஸ்துமா!

புது மேம்பாலத்தில் ஒரு லாரி நம் பயிற்சி வண்டியை உரசிக்கொண்டு போனதே, அதற்குப் பிறகு அந்தப் பாலம் ஏறினாலே எனக்கு நெஞ்சு அடைக்கும், விரல் நுனியெல்லாம் எறும்பு ஊரும், உதடு மரத்துப்போகும், எவ்வளவு இழுத்தாலும் மூச்சு பாதியிலேயே நின்ற மாதிரி இருக்கும். பயம் என்று சொன்னால் தொழிலுக்கு என்ன மரியாதை? அதனால் ஊர் முழுக்க எனக்கு ஆஸ்துமா என்று சொல்லி வைத்தேன், பெருமையாகவே சொன்னேன். ஒரே சோப்பு, ஒரே சீப்பு என்று வாழ்கிற குடும்பம்தானே, அம்மாவின் கைப்பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து வண்டியில் போட்டுக்கொண்டேன். பாலத்தைத் தாண்டியதும் ஓரம் கட்டச் சொல்லி இரண்டு இழுப்பு. கேட்டவர்களிடம் அமிர்தம் என்றேன்.

ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்குக் கடையில் பழைய மெத்தைகளைப் பிரித்திருக்கிறார்கள். அம்மா வீட்டு வாசலுக்கு வரும்போதே ஒரு வார்த்தை பேச முடியவில்லை, தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்குகிறது. கைப்பையைத் துழாவினாள், பிறகு என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். நான் வண்டிக்கு ஓடி எடுத்து வந்து அழுத்தினால் வெறும் காற்று. அத்தனையையும் நான் இழுத்துத் தீர்த்திருக்கிறேன், குட்டி. அதற்கும் மேலே, ‘உக்காரு, நல்ல விஷயமா நினை’ என்று அவளுக்கு வகுப்பு வேறு எடுத்தேன். அவள் பார்த்த பார்வை இன்னும் என் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உடனே எனக்கும் மூச்சு முட்ட ஆரம்பித்துவிட்டது, கை நடுங்கி ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியவில்லை. கடைசியில் வகுப்புக்கு வந்து காத்திருந்த பிரேக் மாமாதான் ஓட்டினார், அவர்தான், எறும்பு குறுக்கே வந்தாலும் பிரேக் போடுகிற காய்கறிக் கடைக்காரர். அன்றைக்கு எங்கேயும் பிரேக் போடவில்லை.

இனிமேல்தான் எழுதக் கூசுகிறது. ஆஸ்பத்திரி வாசலில் நான் போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடிவந்து என்னைத்தான் முதலில் படுக்க வைத்தாள். உன் அம்மா ஓரமாக நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தாள், சத்தம் போட அவளிடம் காற்று இல்லை. டாக்டரம்மா என் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார், திரும்பி அவளைப் பார்த்தார், ‘இவரை எழுப்புங்க, அந்தம்மாவைப் படுக்க வைங்க’ என்று கத்தினார். நான் எழுந்து இடம் விட்டேன். இப்படி ஒரு இடத்திலிருந்து எவனும் எழுந்திருக்கக் கூடாது.

மருந்துப் புகை ஏறி அவள் முகம் தெளிந்த பிறகு டாக்டரம்மா எனக்குச் சொன்னது: ‘உங்களுக்குக் காத்து தாராளமா போய் வருது, அது பயம். பயமும் நிஜமான கஷ்டம்தான், அதுக்கு வேற வைத்தியம் இருக்கு. தேவையில்லாம அந்த மருந்தை இழுத்தா நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், பயம் இன்னும் ஏறும். அவங்களுக்கு மூச்சுக் குழாயே சுருங்கிடுது. விசில் சத்தம், ராத்திரி இருமல், தூசியில அதிகமாகிறது, இதெல்லாம் ஆஸ்துமாவோட பாஷை. சிலருக்கு ரெண்டும் சேர்ந்தே வரும். ஊதிப் பார்க்கிற பரிசோதனை எதுக்கு இருக்கு? நீங்களே தீர்ப்பு சொல்லாதீங்க.’

இப்போது உன் விஷயம். போன மாதம் நீ போனில், விடியற்காலையில் இருமல் வந்து தூக்கம் கலைகிறது, மாடிப்படி ஏறினால் விசில் அடிக்கிறது என்றாய். நான் சிரித்து, புது மேனேஜரைக் கண்டு பயம், தண்ணீர் குடி என்றேன். அந்தத் தீர்ப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். தயவுசெய்து டாக்டரிடம் போய் அந்தப் பரிசோதனைக் குழாயில் ஊதிவிட்டு வா. பயம் என்று அவர்கள் சொன்னால் அப்பாவைக் கொண்டு பிறந்திருக்கிறாய் என்று வைத்துக்கொள்ளலாம், ஆஸ்துமா என்றால் அம்மாவை. இரண்டில் எதுவானாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை, வெட்கத்தை எல்லாம் நான் மொத்தமாக எடுத்துக்கொண்டேன்.

அம்மா என்னைத் திட்டவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்: ‘உங்களுக்கு முட்டினது பொய்யில்லைன்னு எனக்குத் தெரியும். என்னோடதும் பொய்யில்லைன்னு ஒரு தடவை சொல்லுங்க, போதும்.’ ஊருக்கெல்லாம் வாய் கிழியப் பேசுகிற எனக்கு அது இன்னும் வரவில்லை. இதை உறையில் போடுவதற்குள் அடுப்படிக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.

நீ நீண்ட மூச்சோடும் நிறைந்த மனசோடும் இருக்க வேண்டும். பரிசோதனைக்குப் போனதும் உடனே போன் செய், என்னிடம் இல்லை, அம்மாவிடம் சொல்.

இப்படிக்கு,
பாலத்துக்குப் பயந்த உன் அப்பா

குட்டி, சொல்லிட்டார். ஆஸ்பத்திரியில போட்ட சத்தத்துல கால்வாசிகூட இல்லை. ஆனா கேட்டுச்சு. நீ நாளைக்கே டாக்டர்கிட்ட போ. — அம்மா