மீன் தொட்டிக்குப் புது மணல்

எருமப்பட்டி,
9-2-1964

மதிப்புக்குரிய மாப்பிள்ளை தங்கசாமி அவர்களுக்கு, மாமனார் சின்னண்ணன் ஆசியுடன் எழுதுவது. இங்கே நானும், உங்கள் அத்தை அங்கம்மாளும், மகள் ராசம்மாளும், எங்கள் பொறுப்பில் நீங்கள் விட்டுப்போன மீன்களும் நலம். பம்பாய்ச் சாப்பாடு உங்களுக்கு ஒத்துக்கொண்டதா? மூன்று வேளையும் கோதுமை ரொட்டிதான் என்று யாரோ சொன்னதிலிருந்து உங்கள் அத்தைக்கு ஒரே கவலை. பருப்புப்பொடி இடித்து வைத்துக்கொண்டு, அதை யாரிடம் கொடுத்தனுப்புவது என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

வெங்காயம் பிடுங்கிப் பட்டறை போட்டுச் சேமித்தாயிற்று. இந்த வருஷம் காய் நல்ல திரட்சி. கிணற்றில் தண்ணீர் பங்குனி வரை தாங்கும். வெள்ளைப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடாரி.

நீங்கள் ராசம்மாளுக்கு எழுதிய கடிதம் போன வாரம் வந்தது. அவளே எங்களுக்குப் படித்துக் காட்டினாள். மீன்துறைப் பயிற்சிக்கு வந்தவர்களுக்கு வீடு ஒதுக்கியிருக்கிறார்கள் என்றும், மற்றவர்கள் குடும்பத்தை வரவழைத்துக்கொண்டார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். சந்தோஷம். அடுத்த வரியிலேயே, நீயும் இங்கே வந்துவிட்டால் மீன்களை யார் பார்ப்பார்கள் என்று கேட்டிருந்தீர்கள். அவள் அந்த வரியோடு நிறுத்திக்கொண்டு, கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, மாட்டுக்குத் தீனி போடப் போய்விட்டாள். கொஞ்சநேரம் முன்புதான் நான் தீனி போட்டிருந்தேன்.

உங்கள் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன் மாப்பிள்ளை. மீன்களை நான் பார்ப்பேன். மீசை முளைத்த நாளிலிருந்து மாடு, ஆடு, கோழி என்று வளர்த்தவன். விரல் நீளத்து மீன் என்னை என்ன செய்துவிடும்?

வேலையை ஆரம்பித்தும் விட்டேன். ராசம்மாள் தன் மாமன் வீட்டுக் கல்யாணத்துக்குத் திருச்செங்கோடு போயிருக்கிறாள். திரும்பி வரும்போது அசந்துபோக வேண்டும் என்று, இன்று காலையில் தொட்டிக்கு அடிமண் மாற்றினேன். மேட்டூரிலிருந்து நீங்கள் லாரியில் தொட்டியோடு கொண்டுவந்த மணல் கறுத்துக் கிடந்தது. செடிகளோ சோகை பிடித்து வெளுத்திருந்தன. வெறும் மணலில் எந்தப் பயிர் வரும் சொல்லுங்கள். மீன்களைப் பிடித்து அண்டாவில் கிணற்றுத் தண்ணீரில் விட்டேன். பழைய மணலை வழித்து வண்டித்தடத்தில் கொட்டினேன். ஏரி வண்டலை நாலு விரல் கனத்துக்குப் பரப்பி, நன்றாக மக்கிய தொழு உரம் கலந்து, மேலே கடலைப் புண்ணாக்கை இடித்துத் தூவி, செடிகளை வரிசை பிடித்து நட்டிருக்கிறேன். உங்கள் அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, ஏனுங்க, தொட்டிக்குள்ள வெள்ளாமையா பண்றீங்க என்று கேட்டாள். அவளுக்கு என்ன தெரியும்?

தண்ணீரை நிரப்பி மீன்களையும் திரும்ப விட்டாயிற்று. தண்ணீர் இப்போது கொஞ்சம் கலங்கலாக இருக்கிறது. நாளைக்குத் தெளிந்துவிடும். ஆகவே இனி மீன்களைப் பற்றி உங்களுக்குக் கவலை வேண்டாம். மேற்கொண்டு ஆக வேண்டியதை நீங்களே யோசித்துச் செய்வீர்கள் என்று நம்புகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நன்மையை நாடும் மாமன்,
சின்னண்ணன்


எருமப்பட்டி,
17-2-1964

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, சின்னண்ணன் எழுதுவது. என் முந்திய கடிதம் இன்னும் வந்து சேரவில்லை என்றால், வந்தவுடன் படிக்காமல் கிழித்துப் போட்டுவிடுங்கள். படித்திருந்தால் இதையும் படித்துவிடுங்கள்.

தண்ணீர் தெளியவில்லை. மறுநாள் டீத்தண்ணீர் நிறத்துக்கு வந்தது. அதற்கும் மறுநாள் அடியிலிருந்து குமிழ் குமிழாகக் கிளம்பி, மாட்டுக் கொட்டகையே தேவலை என்கிற நாற்றம். மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசி போலிருக்கிறது என்று நான் ஒரு பிடி பொரியை நுணுக்கிப் போட்டேன். என் புத்தியை என்ன சொல்வது!

அந்த நேரத்தில்தான் ராசம்மாள் கல்யாண வீட்டிலிருந்து வந்து சேர்ந்தாள். கட்டியிருந்த பட்டுச்சேலையோடு கையை உள்ளே விட்டுவிட்டாள். என்னங்கப்பா இப்படிப் பண்ணிப்போட்டீங்க, இதென்ன வெங்காயக் காடுங்களா என்றாள். அவள் என்னிடம் குரல் உயர்த்தி நான் பார்த்ததே இல்லை. முந்தின நாள் இறைத்துச் சமையலறையில் வைத்திருந்த தண்ணீரை அண்டாவில் ஊற்றி மீன்களை ஒவ்வொன்றாக மாற்றினாள். ஒன்று மட்டும் பிழைக்கவில்லை. கௌராமி என்று பெயர் சொல்வீர்களே, நீங்கள் முதன்முதலில் வாங்கிய கிழட்டு மீன், அதுதான். எலுமிச்சை மரத்தடியில் புதைத்தேன். உழவு மாடு செத்தபோதுகூட வாய்விட்டு அழாதவன் நான். இதற்கு அழுதுவிட்டேன். நம்பி விட்டுப்போன பொருளாயிற்றே.

அதைவிடப் பெரிய அடி ஒன்று இருக்கிறது. எல்லாம் முடிந்து கை கழுவிக்கொண்டு வந்தவள், இனிமே நான் எங்கயும் போகலீங்கப்பா, இதுகளை உட்டுட்டு எப்படிப் போறது என்றாள். அழாத சாமி, நான் பார்த்துக்கறேன் என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அவளுக்கு வழி திறக்கப் போய், இருந்த வழியையும் அடைத்துவிட்டேன். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் அவளிடம் போய், நீ சொல்லு, நான் செய்கிறேன், நீ கை வைக்கக் கூடாது என்றேன். ஒத்துக்கொண்டாள். பஸ் ஏறி மோகனூர் போய்க் காவேரி மணல் இரண்டு மூட்டை கொண்டுவந்தேன். கண்டக்டர் மூட்டையைத் தட்டிப் பார்த்து, ஏனுங்க, ஊட்டு வேலை ஏதாச்சும் நடக்குதுங்களா என்று கேட்டான். மீனுக்கு மெத்தை என்றேன். இறங்கும் வரைக்கும் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

அந்த மணலைச் சலிக்க உங்கள் அத்தையின் மாவுச் சல்லடையை எடுத்தேன். அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. பொடி மணலும் ஆகாது, பெருங்கல்லும் ஆகாது, கம்பு மணி அளவில் இருக்க வேண்டும் என்று ராசம்மாள் சொல்லிவிட்டாள். பிறகு வாய்க்காலில் உட்கார்ந்து அலசு அலசு என்று அலசினேன். தெளிந்துவிட்டது என்று நான் சொல்வேன். ஒரு டம்ளரில் மணலைப் போட்டுத் தண்ணீர் விட்டுக் கலக்கிப் பார்த்து, இல்லீங்கப்பா என்பாள். இடுப்பு விட்டுப்போயிற்று. கூழாங்கற்களில் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டவிட்டு, நுரைத்தவற்றை எல்லாம் சுண்ணாம்பு என்று பொறுக்கி எறியச் சொன்னாள். தொட்டிக் கண்ணாடியைத் துடைக்க உங்கள் அத்தை சவுக்காரத்தோடு வந்தபோது, அது மீனுக்கு விஷம் என்று ராசம்மாள் போட்ட சத்தத்தில் கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது.

மணலைப் பின்னால் மேடாகவும் முன்னால் தாழ்வாகவும் பரப்பினேன். அழுக்கு முன்பக்கம் வந்து சேர்ந்தால் எடுப்பது சுலபமாம். பழைய மணல் கொஞ்சம் வேண்டும் என்றாள். நான்தான் வண்டித்தடத்தில் கொட்டித் தொலைத்தேனே என்று தலையில் கை வைத்தேன். நல்லவேளை, மீன்குஞ்சுகளைத் தனியாக விட்டிருந்த ஊறுகாய் ஜாடியின் அடியில் அந்த மணல் இருந்தது. அதை எடுத்துப் புது மணல்மேல் பரவலாகத் தூவச் சொன்னாள். பழைய மணலில் கண்ணுக்குத் தெரியாத உயிர் இருக்கிறது, அதுதான் தண்ணீரைப் பழக்கும் என்றாள். பாலுக்கு உறை ஊற்றுவது மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். மணல் கலையாமலிருக்க அதன்மேல் தட்டு வைத்து, தட்டில் விழும்படி தண்ணீரைச் சொம்பு சொம்பாக ஊற்றினேன். மீன்கள் இன்னும் அண்டாவில்தான் இருக்கின்றன. தண்ணீர் பழகின பிறகு இரண்டிரண்டாக விட வேண்டுமாம்.

இதெல்லாம் உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். மேட்டூரில் குடித்தனம் இருந்த நாலு மாதத்தில் நீங்கள்தான் சொன்னீர்களாம். புதுசாகக் கல்யாணமானவர்கள் என்ன பேசிக்கொள்வார்களோ என்று உங்கள் அத்தை அப்போது கவலைப்பட்டாள். மணல் அலசுவதைப் பற்றிப் பேசியிருக்கிறீர்கள்!

இந்தக் கடிதத்தில் உங்களிடம் எதையும் கேட்க எனக்கு முகம் இல்லை. குற்றம் முழுக்க என்னுடையது. அவளைக் கடிந்து ஒரு வார்த்தை எழுதிவிடாதீர்கள்.

தலைகுனிந்து நிற்கும்,
சின்னண்ணன்


எருமப்பட்டி,
22-3-1964

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, மாமன் சின்னண்ணன் எழுதுவது. எல்லோரும் சுகம். இந்தத் தடவை மீன்களும் உண்மையிலேயே சுகம்.

உங்கள் பதில் கிடைத்தது. புண்ணாக்கு சமாச்சாரத்தைப் படித்துவிட்டு நீங்களும் உடன் பயில்கிறவர்களும் விழுந்து விழுந்து சிரித்ததாக எழுதியிருந்தீர்கள். சிரித்துவிட்டுப் போங்கள். கோபித்துக்கொள்வீர்களோ என்று பயந்துகொண்டிருந்தவனுக்கு அது பெரிய ஆறுதல். கௌராமி வயதாகிப் போனது, உங்கள்மேல் தப்பில்லை என்று எழுதினீர்களே, அதை நான் இரண்டு தரம் படித்தேன். நீங்கள் நல்ல மனுஷர்.

தொட்டி இப்போது எப்படி இருக்கிறது என்று நீங்கள் வந்து பார்க்க வேண்டும். அந்தப் பக்கத்துச் சுவரில் மாட்டியிருக்கிற காலண்டரில் தேதி தொட்டித் தண்ணீர் வழியாக இந்தப் பக்கமிருந்தே தெரிகிறது. மீன்களை விட்ட முதல் வாரம் தண்ணீர் லேசாகப் பால்வெள்ளையாகப் பூத்தது. எனக்குக் கை கால் ஓடவில்லை. எடுத்து ஊற்றிவிடலாமா என்று கேட்டேன். ஒன்றும் செய்யாதீங்கப்பா, சும்மா இருங்க, அதுதான் வேலை என்றாள். சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று இந்த வயதில்தான் எனக்குத் தெரிந்தது. தானாகவே தெளிந்தது. செடிகள் எரு இல்லாமலே புதுக் கொழுந்து விட்டிருக்கின்றன. மீன்கள் தரைக்கு இறங்கி மணலைக் கொத்துகின்றன.

இப்போது தீனி போடுவது நான்தான். ஒரு சிட்டிகை, அவ்வளவுதான். வாராவாரம் கால்வாசித் தண்ணீரை ரப்பர் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, இறைத்து வைத்த தண்ணீரை ஊற்றுவதும் நானே. ராசம்மாள் பக்கத்தில் நிற்பாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருப்பாள். நான் தப்பாகச் செய்தால்கூட உடனே சொல்ல மாட்டாள், நானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருப்பாள். போன வாரம் வேண்டுமென்றே நாமக்கல்லில் சித்தி வீட்டுக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டு வந்தாள். வந்ததும் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் தொட்டியிடம் போய் எண்ணிப் பார்த்தாள். எல்லாம் இருந்தன. திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள் பாருங்கள், ஒரு மாதமாக அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இங்கேயே இருந்துவிடப் போகிறவள் இப்படிப் பொறுமையாகக் கற்றுக்கொடுக்க மாட்டாள். எனக்குக் கோபம் வந்தால் வந்த சுவடு தெரியும். அவளுக்கு ஆசை வந்தாலும் தெரியாது. நீங்களும் அப்படித்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் கடிதம் மூன்று பக்கம் இருந்தது. மூன்று பக்கமும் மணல், தண்ணீர், செடி. கடைசி வரியில் ராசம்மாளைக் கேட்டதாகச் சொல்லவும் என்று இருந்தது. அந்த வரியை அவள் எத்தனை தரம் படித்தாள் என்று நான் சொல்ல மாட்டேன். தகப்பன் அதையெல்லாம் கவனிக்கக் கூடாது.

கிணற்றடியில் பெண்கள் உங்கள் அத்தையிடம், மாப்பிள்ளை எப்பங்க கூட்டிக்கிட்டுப் போறாரு என்று கேட்கிறார்கள். மீனு உடமாட்டேங்குதுங்க என்று சொல்லிச் சமாளிக்கிறாள். சொல்லிவிட்டு வீட்டுக்குள் வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறாள். இதை உங்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. உங்கள்மேல் எங்களுக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை.

பெண்ணைக் கொடுத்தவன் இதைக் கேட்கக் கூடாது என்பார்கள். ராசம்மாள் கேட்க மாட்டாள். ஆகவே நான் கேட்கிறேன் மாப்பிள்ளை. மீன்களைப் பார்க்க ஆள் இருக்கிறது. என் பெண்ணை அழைத்துக்கொள்ளுங்கள். சேலத்தில் ரயில் ஏற்றிப் பம்பாய் வரைக்கும் நானே கொண்டுவந்து விடுகிறேன். உங்கள் வீடு சின்னது என்று எழுதியிருந்தீர்கள். நான் தங்க மாட்டேன், அடுத்த வண்டியிலேயே திரும்பிவிடுவேன். எனக்கு இங்கே தொட்டி வேலை இருக்கிறது.

இதற்குப் பதில் எனக்கு எழுத வேண்டாம். அவள் பெயருக்கு எழுதுங்கள். அதில் மீன்களைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம்.

நீங்கள் இருவரும் ஒரே கூரையின் கீழ் நீண்ட காலம் வாழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கும்,
உங்கள் மாமன்,
சின்னண்ணன்