வெயில் பக்கம் வந்து உட்கார்ந்த மேனேஜருக்கு

என்னை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிடாமல் "அம்மணி" என்றே கூப்பிட்ட மாதேஷ் அண்ணாவுக்கு,

சரோஜா எழுதுகிறேன். தேவராஜ மார்க்கெட்டில் பூக்கடை வைத்திருப்பவள். ஞாயிற்றுக்கிழமையானால் உங்கள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து உங்களைத் திட்டிய அதே சரோஜாதான். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. ஆண்டு மலருக்கு உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று நம் தமிழ்ச் சங்கத்து ஆட்கள் கடைக்கே வந்து கேட்டார்கள். நான் எதையாவது ஒரு பக்கத்தில் சொல்லி முடித்திருக்கிறேனா?

என் வீட்டில் இதைப் படிக்க ஆள் கிடையாது. மகளுக்குக் கன்னடம்தான் எழுத்து. வீட்டுக்காரர் கணக்கு மட்டும் படிப்பார். தாளவாடியில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தது எனக்கு இன்றைக்கு உதவுகிறது. அதனால் கொஞ்சம் தைரியமாகவே எழுதுகிறேன்.

நம் ஃபுட்பால் கிளப் மல்லிகே பாய்ஸ் நிலைமை அவ்வளவு நன்றாக இல்லை அண்ணா. அதைப் பிறகு சொல்கிறேன்.

கல்யாணமாகி மைசூருக்கு வந்த முதல் வருஷம் எனக்கு இந்த ஊரில் ஒருவரையும் தெரியாது. மத்தியானம் கடையில் கூட்டம் குறைந்ததும் வீட்டுக்காரர் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். வெள்ளைப் பனியன் போட்டுக்கொண்டு பதினொரு பேர் சேற்றில் விழுந்து எழுந்ததைப் பார்த்து, இதை யார் துவைப்பார்கள் என்று கேட்டேனாம். இன்றும் சொல்லிச் சிரிப்பார். அதன் பிறகு அவருக்கு ஆட்டம் சலித்துவிட்டது, எனக்குப் பிடித்துக்கொண்டது. முகூர்த்த நாள் தவிர மற்ற ஞாயிறுகளில் அவர் கடையில், நான் மைதானத்தில்.

எத்தனை மேனேஜர்களைப் பார்த்துவிட்டேன். அக்கா மகனைக் கோல் காக்கும் கோலியாக நிறுத்தி, அவன் பந்தைக் கண்டால் கண்ணை மூடிக்கொண்டாலும் மாற்ற மாட்டேன் என்ற ஒருத்தர். சனிக்கிழமை தோறும் பையன்களைச் சாமுண்டி மலைப் படிக்கட்டில் ஏற்றி இறக்கி, ஞாயிறு ஆட்டத்தில் அவர்களுக்குக் காலே இல்லாமல் செய்த இன்னொருத்தர். பெங்களூரிலிருந்து வந்தவர் பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். டீம்தான் ஜெயிக்கவில்லை. அடுத்து வந்த நஞ்சுண்டப்பா நல்ல மனுஷன், பயந்த மனுஷன். ஒரு கோல் போட்டதும் அத்தனை பேரையும் பின்னால் இழுத்து நிறுத்திவிடுவார்.

இவர்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பியது நாங்கள்தான் என்று அப்போது பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். நம் கிளப் வழக்கம் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். மைதானத்தில் ஒரு பக்கம் தூங்குமூஞ்சி மரங்கள், அதன் நிழலில் கல் படிக்கட்டு, அதற்கு முன்னால் மேனேஜர் பெஞ்சு. எதிர்ப்பக்கம் காம்பவுண்டு சுவர். சாயங்கால வெயில் நேராக முகத்தில் அடிக்கும். மேனேஜர் வேண்டாம் என்று தோன்றினால் நாங்கள் கோஷம் போட மாட்டோம், கல்லெறிய மாட்டோம். இடைவேளையில் எழுந்து, மைதானத்தைச் சுற்றிப் போய், வெயில் பக்கம் உட்கார்ந்துகொள்வோம். பின்னால் படிக்கட்டு காலியாக இருப்பதை மேனேஜர் திரும்பிப் பார்ப்பார். அடுத்த வாரம் வர மாட்டார். அவ்வளவுதான்.

முதலில் எழுந்திருப்பது நான். எப்படி அப்படி ஆயிற்று என்று தெரியவில்லை. குடையை விரித்தேன் என்றால் நாற்பது ஐம்பது பேர் பின்னால் வருவார்கள். நஞ்சுண்டப்பா அதற்கப்புறம் மைதானத்துப் பக்கமே வரவில்லை. பூ வாங்க வந்தாலும் எங்கள் வரிசையில் வர மாட்டார், அடுத்த சந்தில் வாங்கிக்கொண்டு போவார். அதை ஒரு விஷயமாகவே நான் நினைத்ததில்லை.

பிறகு நீங்கள் வந்தீர்கள். அன்னூர்க்காரர், ஃபாக்டரியில் ஃபிட்டர், மொபெட்டின் பின்னால் பந்து மூட்டை. வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. கத்தவே மாட்டீர்கள். மேனேஜர் என்றால் கத்த வேண்டாமா என்று எனக்கு எரிச்சல். "பந்து மேல போனா காக்காய்க்குத்தான் சொந்தம், கீழ வெச்சு ஆடுங்கடா" என்று நீங்கள் பையன்களிடம் சொன்னது மட்டும் பிடித்தது.

மூன்றாவது சீசனில் என் கொழுந்தன் சிவுவை வெளியே உட்கார வைத்தீர்கள். நம் டீமில் கோல் போடத் தெரிந்தவன் அவன் ஒருத்தன். ஒரு வாரம், இரண்டு வாரம், நான்கு வாரம். கேட்டால், "ஃபார்ம் இல்லீங்க" என்று ஒரே பதில். வீட்டில் அவன் வாயைத் திறக்கவில்லை. டீம் தோற்றுக்கொண்டே இருந்தது. ஐந்தாவது வாரம் இடைவேளையில் இரண்டு கோல் பின்னால். நான் குடையை விரித்தேன்.

வெயில் பக்கம் போய் உட்கார்ந்து, கடலைப் பொட்டலத்தைப் பிரித்தேன். அப்போதுதான் நீங்கள் பெஞ்சிலிருந்து எழுந்தீர்கள். கேப்டனிடம் ஏதோ சொன்னீர்கள். கோல் போஸ்டுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு நிதானமாக நடந்து வந்தீர்கள். சண்டைக்கு வருகிறீர்கள் என்று நினைத்து நானும் வாயைத் தயார் செய்துகொண்டேன்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க அம்மணி."

தள்ளி உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வது? கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஆட்டத்தைப் பார்த்தீர்கள்.

"இங்கிருந்து பாத்தாத்தானுங்க நம்ம லெஃப்ட் பேக் எவ்வளவு உள்ள நிக்கறான்னு தெரியுது. அங்கிருந்து எனக்குத் தெரியவே இல்லை. நீங்க என்ன சொல்றீங்க?"

அத்தனை வருஷமாகக் கத்தியிருக்கிறேன். ஒரு மேனேஜர் பக்கத்தில் உட்கார்ந்து நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டது அன்றுதான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துக் கத்த முடியாது. காரணம் சொல்ல வேண்டியிருந்தது. யோசித்து, நடுவில் ஹாஃப் லைனில் பந்தை எடுக்க ஆளே இல்லை என்று சொன்னேன். "அதும் சரிதானுங்க" என்றீர்கள். என் கடலையில் பாதியை நீங்கள்தான் தின்றீர்கள்.

அன்றைக்கும் தோற்றோம். ஆனால் அடுத்த வாரம் நீங்கள் வந்தீர்கள். நாங்களும் அசட்டுச் சிரிப்போடு நிழலுக்கே வந்து உட்கார்ந்தோம். அப்புறம் பதினோரு வருஷம் நீங்கள்தான் மேனேஜர். ஒவ்வொரு ஆட்டத்திலும் இடைவேளைக்குப் பிறகு பத்து நிமிஷம் எங்கள் நடுவில் வந்து உட்காருவீர்கள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு இவ்வளவு நல்ல நாளாக ஆனது அதனால்தான். ஒரு கிளப்பை எப்படி நேசிப்பது என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் கோபப்படுவது மட்டும்தான் என்பது உங்களோடு பேசிப் பேசித்தான் புரிந்தது. இதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று ஒருநாளும் தோன்றாமல் போயிற்றே அண்ணா.

ஆனால் சிவு விஷயத்தில் மட்டும் என் மனசு ஆறவில்லை. அன்று வெயிலில் வைத்தே கேட்டேன், அவனை எதற்கு உட்கார வைத்திருக்கிறீர்கள் என்று.

"அது எனக்கும் அவனுக்கும் இருக்கற பேச்சுங்க. அவன் சொன்னா நீங்க கேட்டுக்கங்க. நான் சொல்லப்படாது."

அந்த வருஷம் உங்கள் மகள் கல்யாணத்துக்கு மாலை கட்டச் சொல்லி நீங்களே கடைக்கு வந்தீர்கள். அன்றைக்கு ஆர்டர் நிறைய இருக்கிறது, முடியாது என்றேன். பொய். அன்று எங்களுக்கு ஒரே ஒரு ஆர்டர். நீங்கள் பத்திரிகையை எடுத்து நீட்டி, "குடும்பத்தோட வந்துடுங்க அம்மணி" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நான் வரவில்லை.

நீங்கள் இறந்த அன்று மாலை கட்டுவதற்கு யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் உட்கார்ந்து கட்டினேன், நம் பனியன் நிறத்தில் வெறும் வெள்ளைப் பூவாக. எடுத்துக்கொண்டு போக சிவு வந்தான். பக்கத்தில் குந்திக்கொண்டு மிச்சப் பூவை எடுத்து எடுத்துக் கொடுத்தான்.

"அண்ணி, ஒரு விஷயம் சொல்லணும். அவரு என்னை டீம்ல இருந்து எடுக்கல. எனக்கு முட்டி போயிருந்தது. ஃபாக்டரி டீமுக்கு ஆள் எடுக்கறவர் வாரா வாரம் மேட்ச் பாக்க வந்தாரு இல்ல? முட்டி கெட்டதுன்னு தெரிஞ்சா ஃபாக்டரி வேலை கிடைக்காமப் போயிரும்னு அழுதேன். ஆறு வாரம் ரெஸ்ட் எடு, யாருகிட்டயும் சொல்லாத, கேட்டா நான் பாத்துக்கறேன்னாரு. உங்ககிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினது நான்தான்."

சிவுவுக்கு அந்த வேலை கிடைத்தது. இன்றும் அதில்தான் இருக்கிறான். அவன் வீட்டில் அடுப்பு எரிவது அந்த வேலையால். ஐம்பது பேர் முன்னால் உங்களுக்கு நான் செய்த அவமானத்தை நீங்கள் தாங்கிக்கொண்டது என் வீட்டுப் பிள்ளைக்காக. அதைத் தெரிந்துகொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்து கடலை தின்றீர்கள். ஒரு தடவையாவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால்கூட நான் ஏதாவது புரிந்துகொண்டிருப்பேனே. எனக்கு வெட்கமாக இருக்கிறது அண்ணா. அதை வாயால் சொல்ல இப்போது நீங்கள் இல்லை.

இனி போன ஞாயிறு நடந்ததைச் சொல்கிறேன்.

உங்களுக்குப் பிறகு வந்தவன் ரோஷன். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார், முப்பது வயது இருக்கும். எப்போதும் கையில் ஒரு டேப்லெட். எனக்கு அவன் ஆட வைக்கும் விதம் பிடிக்கவில்லை, பொய் சொல்லக் கூடாது. கோலியிடமிருந்து பந்தைக் குட்டிக் குட்டிப் பாஸாகத் தட்டிக்கொண்டே மேலே வர வேண்டுமாம். பார்த்துக்கொண்டிருக்கும் நான் கண்ணை மூடிக்கொள்வேன். பழைய கேப்டனையும் வெளியே உட்கார வைத்துவிட்டான். காரணம் சொல்லவில்லை.

கடைசி ஆட்டம். டிராவாவது செய்தால் ஏ டிவிஷனில் இருக்கலாம், தோற்றால் பி டிவிஷன். இடைவேளையில் ஒரு கோல் பின்னால். படிக்கட்டில் எல்லாரும் என் குடையைப் பார்க்கிறார்கள்.

"ஏளி அக்கா, டைம் ஆயித்து," என்று பின்னாலிருந்து ஒருத்தன் கன்னடத்தில் எழுப்பினான்.

நான் எழுந்திருக்கவில்லை. ரிடையரான பஸ் கண்டக்டர் புட்டப்பா, வெயில் பக்கம் போவதில் என் பழைய ஜோடி, பக்கத்தில் வந்து குனிந்தார். அவருக்கு என்னிடம் பேசத் தமிழ் வரும்.

"கொழுந்தனுக்காக அன்னைக்கு எழுந்தீங்க. கிளப்புக்காக இன்னைக்கு எழுந்திருக்க மாட்டீங்களா சரோஜக்கா?"

"அன்னைக்கு எழுந்தது தப்பு புட்டப்பா. கேப்டன் எதுக்கு வெளிய இருக்கான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. ஐந்தாறு பேரைக் கூட்டிக்கொண்டு அவர் வெயில் பக்கம் போனார். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே இருந்த இடத்தில் இருந்தார்கள். ரோஷன் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான். நான் குடையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். எழுந்து நடப்பது எத்தனை சுலபமான வேலை என்று அப்போதுதான் தெரிந்தது.

இடைவேளைக்குப் பிறகு ஒரு கோல் திருப்பினோம். படிக்கட்டே அதிர்ந்தது. நான் உட்கார்ந்திருந்தது சரிதான் என்று மனசுக்குள் ஒரு குஷி. கடைசிக் கட்டத்தில் நம் கோலி, நான் கண்ணை மூடிக்கொள்ளும் அதே குட்டிப் பாஸைக் கொடுத்தான். எதிராளி குறுக்கே வந்து எடுத்து, கோல் போட்டுவிட்டான். முடிந்தது. மல்லிகே பாய்ஸ் இறங்கிவிட்டது அண்ணா. நீங்கள் இருந்தவரைக்கும் நடக்காதது.

எல்லாரும் போன பிறகு ரோஷன் தனியாக மைதானத்தில் பிளாஸ்டிக் கோன்களைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தான். நான் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது படிக்கட்டுக்கு வந்தான். கண் சிவந்திருந்தது. "நீவு யாக்கம்மா எத்தில்ல?" என்று கேட்டான். ஏன் எழுந்திருக்கவில்லை என்று. எங்கள் வழக்கத்தை அவனும் கேள்விப்பட்டிருக்கிறான், காலையிலிருந்தே என்னைத்தான் எதிர்பார்த்திருக்கிறான்.

உங்கள் கதையை அவனுக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். தோற்ற பிள்ளையிடம் கதை எதற்கு? நான் தள்ளி உட்கார்ந்தேன். அவனும் உட்கார்ந்தான். அப்புறம் கேட்டேன், அந்தக் கோலிக்கு இடது கால் சுத்தமாக வராது, தெரிந்துகொண்டே ஏன் அவன் இடது பக்கம் பந்தைக் கொடுக்கச் சொல்கிறாய் என்று. அவன் டேப்லெட்டைத் திறந்து கோடு கோடாக ஏதோ காட்டினான். எனக்குப் பாதி புரிந்தது. புரிந்த பாதியில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. மீதிக்கு அங்கேயே சண்டை போட்டேன். கேப்டனைப் பற்றி நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை ப்ராக்டிஸுக்கு வரச் சொல்லியிருக்கிறான். போவேன். புட்டப்பாவையும் பேசிச் சரிக்கட்டி இழுத்துக்கொண்டு போவேன். நஞ்சுண்டப்பா வீடு எங்கே என்று விசாரித்து வைத்திருக்கிறேன், அங்கேயும் ஒரு நாள் போய் நிற்க வேண்டும்.

பி டிவிஷன் ஆட்டங்கள் நடக்கும் மைதானத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாலு பக்கமும் ஒரு மரம் கிடையாது. மேனேஜருக்கும் வெயில், எங்களுக்கும் வெயில். உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன் அண்ணா. அவன் ஜெயித்தாலும் தோற்றாலும் வாரா வாரம் அங்கே வருவேன். தப்பு செய்தால் திட்டுவேன், அதை மட்டும் விடச் சொல்லாதீர்கள். ஆனால் பக்கத்தில் போய் உட்கார்ந்துதான் திட்டுவேன்.

உங்கள் மகளுக்கு மாலை கட்டித் தராத,
உங்கள் தங்கச்சி,
பூக்கடை சரோஜா