சிவப்பு பக்கெட்டின் சொந்தக்காரிக்கு

ஸ்டோர் ரூம் கதவைத் திறந்ததும் முதலில் பினாயில் வாசனை வந்தது. அதன் பின்னால் எலி வாசனை. அதற்கும் பின்னால், அந்த இடத்துக்குச் சம்பந்தமே இல்லாமல், கற்பூர வாசனை. ஒரு நொடி செருப்பைக் கழற்றலாமா என்றுகூட யோசித்தேன். கை ஒடிந்த நாற்காலிகளுக்கும் இறக்கை போன மின்விசிறிகளுக்கும் நடுவில் உன் சிவப்பு பக்கெட் உட்கார்ந்திருந்தது. வயிற்றில் மஞ்சள் பூசிக் குங்குமப் பொட்டு. உள்ளே காய்ந்து கறுத்த ஓர் எலுமிச்சம்பழம். உடைந்த கைப்பிடிக்குப் பதிலாக உன் அம்மா கட்டிவிட்ட பச்சைப் புடவைக் கரை மட்டும் மாறவில்லை. கொஞ்சம் வெளுத்திருந்தது.

நான் தேடிப் போனது பெயின்ட் பிரஷ்.

ஹாஸ்டலின் மே மாதம் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கட்டில்கள் எல்லாம் மைதானத்தில் கிடக்கின்றன, மூட்டைப்பூச்சிக்கு வெந்நீர் அபிஷேகம் நடக்கிறது. மெத்தைகள் மொட்டை மாடியில் வெயில் காய்கின்றன. புது வருஷத்துக்கு வரப்போகிற பெண்களுக்காக அறை எண்களுக்கெல்லாம் மறுபடியும் பெயின்ட். வார்டன் மேடம் வழக்கம்போலப் பக்கத்து ஊர்க்காரிகளை லீவு முடியும் முன்பே கூப்பிட்டுவிட்டார். வேலை செய்தால் மத்தியானச் சாப்பாடு உண்டு. ரூமை முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமையும் உண்டு. இந்த வருஷம் உன் பங்கு வேலையை ரேவதி செய்கிறாள். போன வருஷம் புதிதாக வந்தாளே, நாம் பயமுறுத்தியே வளர்த்த பெண், அவள்தான். உன்னைவிட ஒழுங்காகச் செய்கிறாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போன மே மாதம் நீயும் நானும் வந்தோம். நீ பழையசீவரத்தில் ஏறுவாய். பஸ் பாலத்தைத் தாண்டித் திருமுக்கூடல் வரும்போது நான் ஏறுவேன். எனக்காகப் பக்கத்து சீட்டில் இந்தப் பக்கெட்டை உட்கார வைத்துக்கொண்டு வருவாய்.

"இன்னாம்மா, பக்கெட்டுக்கு டிக்கெட் எடுத்தியா?" என்று கண்டக்டர் கேட்டார்.

"சின்னப் பொண்ணு சார் அது. அரை டிக்கெட்டுகூட ஆகல" என்றாய். பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் மட்டும் உத்திரமேரூர் வரை சிரிக்கவில்லை.

நாம் அந்த வேலைக்கு வந்ததே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து ரூமைப் பிடிக்கத்தான். போர் தண்ணீர், அதுவும் உப்பு. மோட்டார் காலையில் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம் ஓடும். வரிசையில் பக்கெட்டை வைத்துவிட்டுப் பல் தேய்க்கப் போனால், திரும்பி வரும்போது பல் இருக்கும், பக்கெட் இருக்காது. அப்போதெல்லாம் நீ நடையில் நின்று கத்துவாய்: "எவடி என் பக்கெட்டை எடுத்தது? உன் சோப்பு நுரைக்காமப் போவ!"

உப்புத் தண்ணீரில் இந்த ஹாஸ்டலில் எவள் சோப்பும் நுரைத்ததில்லை. அதைச் சொன்னேன். "பலிக்கிற சாபமாப் பாத்துதான்டி வுடணும்" என்றாய்.

அந்தப் புத்திதான் பேயையும் செய்தது. புதுப் பெண்கள் வருவதற்கு முந்தின நாள். நீ பாத்ரூம் கதவுகளுக்கு எண் எழுதிக்கொண்டிருந்தாய், நான் பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இது செத்துப்போன பொண்ணோட பக்கெட்டுன்னு சொல்லிடுவோம். எவளும் தொடமாட்டா."

"எந்தப் பொண்ணு?"

"எதோ ஒரு பொண்ணு."

"பேரு?"

"பேரு வெச்சா எவளாவது விசாரிப்பாடி. பேரில்லாத பேய்தான் நெலைக்கும்."

தொட்டால் என்ன ஆகும் என்பதையும் நீயே முடிவு செய்தாய். குழாயில் தண்ணீர் நின்றுவிடும். மோட்டார் எப்படியும் நிற்கப்போகிறது. அது நிற்கும்போதெல்லாம் எவளோ தொட்டிருக்கிறாள் என்று ஆனது. புதுப் பெண்கள் முதல் வாரமே நம்பிவிட்டார்கள். பழையவர்கள் அடுத்த வாரம். உன் பக்கெட் வரிசையில் ராணி மாதிரித் தனியாக நின்றது. நம் ஐடியாவுக்கு வந்த அந்தஸ்தைப் பார்த்து எனக்கே கொஞ்சம் பொறாமை.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. மோட்டார், மிக்சி, அயர்ன் பாக்ஸ், வார்டன் மேடத்தின் ஸ்கூட்டி என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்த பெருக்குகிற அக்கா, உன் பக்கெட்டுக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு மற்றதைவிடப் பெரிய பொட்டாக வைத்தார். மேடமே வந்து கற்பூரம் காட்டினார். நாம் ஊர் காதில் பூ வைத்தோம், ஊர் நம் பக்கெட்டுக்குப் பொட்டு வைத்துவிட்டது. மெஸ்ஸில் நீ சிரித்த சிரிப்பில் ரசம் மூக்கில் ஏறி, சாப்பாட்டையே விட்டுவிட்டு எழுந்து போனாய். அந்தப் பொட்டோடுதான் அதில் குளித்தாய், உனக்கு மட்டும் பேய் பர்மிஷன் கொடுத்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டு.

தீபாவளி லீவு முடிந்து வந்த வாரம் உனக்குக் காய்ச்சல். வீட்டுக்குப் போகிறேன் என்றாய். பஸ் ஏற்றிவிட வந்தேன். பக்கெட்டை எடுத்துக்கொண்டு போயேன் என்றேன். "எதுக்கு? இங்க அதுக்கு செக்யூரிட்டி கீது" என்றாய். டெங்கு என்று சொன்னார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நீ திரும்பவில்லை. உன் அப்பா வந்து பெட்டியையும் பாயையும் எடுத்துப் போனபோது நான் எங்கள் வீட்டில் இருந்தேன். வருஷம் முடியும் வரை அங்கிருந்தே வகுப்புக்கு வந்துபோனேன். பக்கெட்டை எடுத்துக்கொடுக்க இங்கே யாருக்கும் கை வரவில்லை. ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டினார்கள். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் திறந்திருக்கிறார்கள் போல. கற்பூர வாசனை அப்படித்தான் சொல்கிறது.

பிரஷ்ஷை எடுக்கக் கை நீட்டினேன். பின்னால் ரேவதி அலறினாள்.

"அக்கா, தொடாதீங்க!"

"பிரஷ்தான்டி எடுக்கறேன்."

"அது மேல பட்டுடப் போவுது. அது அவங்களோடது."

"எவங்களோடது?"

அவள் குரலை இறக்கி உன் பெயரைச் சொன்னாள். "மோட்டார் நின்னதும் பாத்ரூம் பக்கம் பக்கெட் சத்தம் கேக்குதாம்க்கா. தண்ணி கேக்குறாங்களாம். காய்ச்சல்ல நாக்கு வறண்டு செத்தாங்க இல்ல, அதான்."

நான் பிரஷ்ஷைக் கீழே வைத்தேன். "ஏய் லூசு, அந்தப் பேயைச் செஞ்சதே நாங்கதான். அவளும் நானும். இதே நடையில நின்னுகினு செஞ்சோம்."

ரேவதி என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு இரக்கம். "பாசம்க்கா. நீங்க அப்டிதான் சொல்லுவீங்க."

போன வருஷம் இவளைத்தான் ஹாஸ்டல் விசா வாங்கி வரச் சொல்லி ஆபீசுக்கு அனுப்பினேன். பாவம், போட்டோவோடு போனாள். என் வாயிலிருந்து உண்மை வந்தால் அதை எந்தப் பக்கம் வைத்துப் பார்ப்பது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

நீ காலியாக விட்ட இடம் அது. பெயர் வைக்காமல் விட்டாய், அவர்கள் உன் பெயரை வைத்துவிட்டார்கள். இந்த மடலில் உன் பெயரை எழுதாமல் இருப்பதும் அதனால்தான். எழுதினால் எவளாவது விசாரிப்பாள்.

மேடத்திடம் போனேன். பக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றேன். "அது பாட்டுக்கு ஒரு மூலையில கீது, உனக்கு இன்னா பேஜாரு? தொட்டு வெச்சு எதுனா ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?" என்றார். பிறகு, சும்மா ஒரு தகவலாக, "அவ தங்கச்சி இங்கதான் சேர்ந்துகீறா. அடுத்த வாரம் வரா" என்றார்.

இதை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. நீ செத்ததற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் உன் தங்கை பல் தேய்க்கப் போகும் இடத்தில், அவள் அக்கா நாக்கு வறண்டு தண்ணீர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று எவளோ சொல்ல, அதை அவள் கேட்க வேண்டுமா? அதுவும் நாம் செய்த பேயை வைத்து?

அன்று மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபோது பக்கெட்டை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்கு நடந்தேன். கருவேல மரத்தடியில் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் ஸ்டோர் ரூமில் அதே இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது, புது எலுமிச்சம்பழத்தோடு. வாட்ச்மேன் அண்ணன் பார்த்திருக்கிறார். "ஆரோ வெளியில கொண்டும்போய் வெச்சிருந்தாங்கம்மா. நல்ல வேளை நான் பாத்தேன்" என்றார். அதற்குள் ரேவதி எல்லோருக்கும் செய்தி சொல்லியிருந்தாள். தானாகவே நடந்து வந்துவிட்டதாம். இருக்கிற பேய்க்குக் காலும் முளைக்க வைத்த பெருமை எனக்கு.

புது வருஷம் தொடங்கும் நாளைப் பற்றி உனக்குத் தெரியும். வாசலில் வேன், ஆட்டோ, பெட்டி, பாய், தலையணை, ஊறுகாய் பாட்டில், அழுகிற அம்மா, அழாத அப்பா, போன் பார்க்கிற அண்ணன். அதற்கு நடுவில் உன் வீட்டார் வந்தார்கள். உன் தங்கைக்கு உன் ஜாடை இல்லை. அதுவும் நல்லதுதான். பெட்டி புதுசு, பாய் புதுசு, செருப்பு புதுசு.

"பக்கெட் எங்கம்மா?" என்றார் மேடம். புதுப் பெண் எவளிடமும் கேட்கிற கேள்விதான். கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது.

"எங்க அக்காது இங்கதான கீது மேடம்? அதுக்கு எதுக்குப் புதுசு?"

நான் அவளைத் தூணுக்கு அந்தப் பக்கம் இழுத்துப் போனேன்.

"அது வேணாம்மா. நான் வேற எடுத்துத் தரேன்."

"பேய் பக்கெட்டுன்னா? தெரியும்க்கா. அக்கா லீவுல வந்து சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். பொட்டு வெச்ச கதைக்கு எங்க அம்மாவே சிரிச்சுது."

"அது இல்ல. இப்ப வேற மாதிரி..."

"அக்காவைத்தான் பேய்னு சொல்றாங்க. அதுவும் தெரியும். பஸ்ல வரும்போது ஒருத்தி எங்கிட்டயே சொன்னா, நான் யாருன்னு தெரியாம."

"நீ இன்னா சொன்ன?"

"ஐயையோ பயமா கீதேன்னு சொன்னேன். பாவம், ஆசையா சொல்லிக்கினு வந்தா." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "அம்மா கேட்டுடக் கூடாதுன்னுதான் ஜன்னல் பக்கமாத் திரும்பிக்கினேன்" என்றாள்.

ஆனால் உன் அம்மாவுக்கு நாங்கள் யாரும் தேவைப்படவில்லை. அதற்குள் அவரே, திறந்து கிடந்த ஸ்டோர் ரூமுக்குள் போய், பக்கெட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்திருந்தார். எலுமிச்சம்பழத்தை எடுத்துச் செடி ஓரமாகப் போட்டார். வாசல் குழாயடியில் குந்தி, கொஞ்சம் தேங்காய் நார் கேட்டு வாங்கி, தேய்க்க ஆரம்பித்தார். மஞ்சள் போயிற்று. குங்குமம் போயிற்று. பெண்கள் நடையில் வரிசையாக நின்று பார்த்தார்கள். குழாயில் தண்ணீர் நிற்கிறதா என்றுதான் பார்த்தார்கள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

"எவ்ளோ அயுக்கு பாரு. பொம்பளப் புள்ளைங்க பக்கெட்டா இது?" என்றார் உன் அம்மா, பொதுவாக. "அவளுக்கு எந்நாளும் இதே வேலை. குளிப்பா, அப்படியே போட்டுட்டுப் போவா. பக்கெட்டைத் தேச்சு வையின்னு எத்தினி வாட்டி சொல்லிகீறேன்."

அவர் பச்சைக் கரையின் முடிச்சை அவிழ்த்து, இழுத்து, இன்னும் இறுக்கமாகக் கட்டினார். கவிழ்த்துத் தட்டினார். தங்கையிடம் கொடுத்தார். ரேவதி பக்கெட்டையும் உன் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பேயைத் திட்டுவதை அவள் கேட்டிருக்கலாம். பேய் குளித்துவிட்டுப் பக்கெட்டைத் தேய்க்காமல் போனதாக யாரும் திட்டி அவள் கேட்டதில்லை.

மறுநாள் காலை. கதவைத் தட்டியது உன் தங்கை. வாயில் பிரஷ், முகத்தில் பாதித் தூக்கம்.

"அக்கா, பக்கெட்டைக் காணோம். வரிசையில வெச்சுட்டு வந்தேன்."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன். தானா நடந்து போயிருக்குமோ?" என்றாள், முகத்தில் ஒரு சின்னச் சிரிப்புகூட இல்லாமல். இவளிடம் நான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

நான் கட்டிலை விட்டு இறங்கவில்லை. கொஞ்ச நேரம் அந்தச் செய்தியை அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன். பேயின் பக்கெட்டை எவளும் திருடமாட்டாள். திருடு போயிருக்கிறது என்றால் அது வெறும் பக்கெட். அதைத் தேய்க்காமல் போட்டுவிட்டுப் போன ஒருத்தி இந்த ஹாஸ்டலில் இருந்தாள், அவ்வளவுதான். உன் பெயரை அந்தக் காலி இடத்திலிருந்து எடுத்தாகிவிட்டது. எடுத்தது நானில்லை என்பதில் கொஞ்சம் வருத்தம்தான். இத்தனை வேலை செய்தவள் நான்.

பக்கெட் இனி உன் தங்கையுடையது. ரூமில் உன் ஜன்னல் பக்கத்துக் கட்டில் வேறு யாருக்கோ. பஸ்ஸில் எனக்கு இடம் போட இனி எவளும் பக்கெட்டை உட்கார வைப்பதில்லை, நின்றுகொண்டே வருகிறேன். என்னிடம் மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. அதை நீ எனக்கு என்று கொடுக்கவில்லை. கேட்டுக் கேட்டு ஒட்டிக்கொண்டது.

எழுந்து நடைக்குப் போனேன். பாத்ரூம் கதவுகளில் நீ எழுதிய எண்களுக்கு இந்த வருஷம் நான்தான் மேல் பெயின்ட் அடித்தேன். உன் மூன்று இன்னமும் எட்டு மாதிரிதான் தெரிகிறது. அவற்றுக்கு முன்னால் நின்று, மூச்சை இழுத்து, உன் குரலில் கத்தினேன்.

"எவடி இவ பக்கெட்டை எடுத்தது? உன் சோப்பு நுரைக்காமப் போவ!"

உன் மூன்றுக்குப் பின்னால் தண்ணீர் ஊற்றும் சத்தம் சட்டென்று நின்றது. பிறகு ரேவதியின் குரல் வந்தது.

"இப்பவே நுரைக்கலக்கா!"