தகரக் கொட்டகையை விட்டு வந்த பிள்ளைகள்

அன்பு மகன் ஜீவானந்தத்துக்கு அம்மா எழுதுவது. நம்ம சாமி வேடியப்பன் புண்ணியத்தில் நான், அப்பா, உன் தங்கச்சி ஈஸ்வரி மூன்று பேரும் நல்லபடியாக இருக்கிறோம், அந்தப் பனிக்குள் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்க வேண்டும். சாமை அறுத்தாகிவிட்டது, மழை முன்னாலேயே நின்றதால் மணி கொஞ்சம் சிறுத்துவிட்டது. நீ பட்டாளத்து மலை முகாமிலிருந்து இறங்கியதும் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டாய் என்றும், ஈஸ்வரியின் பையை வீசினவனைச் சும்மா விடமாட்டேன் என்று அவசர லீவு கேட்டிருக்கிறாய் என்றும் மாதையன் மாமா சொன்னார். அன்றையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே சிக்னல் போய்விடும், பாதியைக் கேட்டுவிட்டு நீ இன்னும் கொதிப்பாய். அதனால் முழுசாக எழுதுகிறேன், கடைசி வரை படித்துவிட்டு அப்புறம் லீவைப் பற்றி யோசி.

நம்ம ஊரில் எட்டாவதோடு முடிந்துவிடுகிறது என்று இந்த ஜூனில் அவளைக் கீழே இருக்கிற பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது சேர்த்தோம் அல்லவா. அங்கே ஏ, பி இரண்டும் மாடிக் கட்டடத்தில், சி மட்டும் மைதானத்து ஓரத் தகரக் கொட்டகையில். சி-யில் இருந்தது அத்தனையும் மலையிலிருந்து இறங்குகிற பிள்ளைகள். கணக்கு வாத்தியார் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லையாம், லேப்பை ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். அப்பா போய்க் கேட்டதற்குத் தலைமையாசிரியர், "மலப் பசங்க மெதுவாத்தான் படிப்பாங்க, தனியா இருந்தாதான் அவங்களுக்கும் நல்லதுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பிவிட்டார். அப்பாவும் சரிங்க சார் என்று திரும்பி வந்துவிட்டார்.

தீபாவளி கழிந்து ஒரு நாள் நல்ல மழை. கொட்டகை ஒழுகிப் பிள்ளைகள் சுவர் ஓரமாக நின்றிருக்கிறார்கள். ஈஸ்வரி பையை எடுத்துக்கொண்டு மைதானத்தைத் தாண்டி மாடி ஏறி ஏ வகுப்பில் காலியாக இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்த வாத்தியார் உன் கிளாசுக்குப் போ என்று அதட்டினாராம். இவள், "இன்னா தப்பு பண்ணேன்னு சொல்லுங்க சார், எழுந்து போறேன்" என்றிருக்கிறாள். அவர் உடனே விளையாட்டு வாத்தியாரைக் கூப்பிட்டார். அவர்தான் பையைப் பிடுங்கி வராந்தாவிலிருந்து கீழே வீசினது. ஏதோ ஒரு பிள்ளை அதைப் போனில் பிடித்திருக்கிறது. நீ பார்த்தது அவ்வளவுதான். அதற்கப்புறம் நடந்தது வீடியோவில் இல்லை. அவள் கீழே இறங்கிப் போய்ச் சேற்றில் கிடந்த புத்தகங்களைப் பொறுக்கிப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, மறுபடி மாடி ஏறி அதே பெஞ்சில் உட்கார்ந்தாள் தம்பி. மணி அடிக்கிற வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை.

அன்றைக்குச் சாயங்காலமே கரும்புத் தோட்டத்து முதலாளி ராஜாக்கண்ணு அப்பாவுக்குப் போன் பண்ணி, "பொண்ண அடக்கி வை லட்சுமணா, இல்லன்னா உங்க ஊர்லருந்து ஒருத்தரும் கரும்பு வெட்ட வர வேணாம்" என்று சொல்லிவிட்டார். ஊரே நம் வூட்டு வாசலில் கூடிவிட்டது. உங்க பொண்ணால எங்க பொழப்பு போவுது என்று முகத்துக்கு நேராகவே கேட்டார்கள், அவர்களையும் குறை சொல்ல முடியாது. குப்பம்மா மட்டும், "எம் பொண்ணும் அந்தக் கொட்டாயிலதான் கெடக்கறா, நாளைக்கி அவளும் ஈஸ்வரி கூடவே போவா" என்றாள். அப்பா ஈஸ்வரியைக் கிட்டே உட்கார வைத்து, "வுட்டுடு கண்ணு, ரெண்டு வருசம் எப்பிடியாவது ஓட்டிடலாம்" என்று கெஞ்சினார். அவள், "அங்கயே இருந்தா நான் ஃபெயிலாயிடுவேன்பா, அப்ப மலப் பொண்ணுக்குப் படிப்பு ஏறலன்னு அவங்களேதான் சொல்லுவாங்க" என்றாள். காலையில் நாங்கள் கிளம்பும்போது பார்த்தால், அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எங்களுக்கு முன்னால் பஸ்ஸுக்கு நிற்கிறார்.

பஸ்ஸை விட்டு இறங்கினால் பள்ளிக்கூட கேட்டு வரைக்கும் இரண்டு பக்கமும் ஆட்கள், நடுவில் குறுக்காக வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். எல்லாம் மாடியில் படிக்கிற பிள்ளைகளின் அப்பா அம்மாதான். என் வயதுக்காரி ஒருத்தி தன் மகள் கையைப் பிடித்துக்கொண்டே என் மகளைச் சொன்ன வார்த்தையை இதில் எழுத மாட்டேன். நான் சீக்கிரம் உள்ளே போய்விடலாம் என்று நடையை எட்டிப் போட்டேன். ஈஸ்வரி என் கையை இழுத்து, "வேகமா நடக்காதம்மா, பயந்து ஓடற மாதிரி இருக்கும்" என்றாள். அவள் கையெல்லாம் ஈரமாக வேர்த்திருந்தது. யாரோ துப்பினது அப்பா சட்டையில் விழுந்தது. அவர் கை ஓங்கிவிட்டது, என் உயிரே போய்விட்டது. அவள் அப்பா என்று ஒரு குரல்தான் கொடுத்தாள், அவர் கையை இறக்கி முண்டாசால் சட்டையைத் துடைத்துக்கொண்டு நடந்தார். எங்களுக்குப் பின்னால் குப்பம்மா மகளும், அவளைப் பார்த்து மற்ற கொட்டகைப் பிள்ளைகள் எல்லோரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். வண்டிகளை யாரும் நகர்த்தவில்லை, சந்தில் நுழைந்துதான் போனோம். மேலே ஏ வகுப்பு காலி, எல்லோரும் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். தமிழ் டீச்சர் தேவயானி மட்டும் உள்ளே வந்து, வகுப்பு நிறைய பிள்ளைகள் இருக்கிற மாதிரி உரக்கப் பாடத்தை ஆரம்பித்தார். நான் வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அப்புறம் அந்த வீடியோ எங்கெங்கோ போய், திருப்பத்தூரிலிருந்து அதிகாரியம்மா ஒருத்தர் வந்தார். கொட்டகையில் மத்தியான வெக்கையில் உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுக் கேட்டார். இப்போது கொட்டகையைப் பூட்டிவிட்டார்கள், எல்லாப் பிள்ளைகளையும் பெயர் வரிசைப்படி இரண்டு வகுப்பிலும் கலந்து போட்டாயிற்று. பை வீசினவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள், அவரைத் தேடி நீ வந்தாலும் அங்கே கிடையாது. சில பேர் டி.சி. வாங்கிக்கொண்டு பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். ராஜாக்கண்ணு இன்னும் நம்மை வேலைக்குக் கூப்பிடவில்லை, அப்பா காவலூரில் கட்டட வேலைக்குப் போகிறார். ரொம்ப நாள் ஈஸ்வரி பக்கத்தில் ஒருத்தரும் உட்காரவில்லை. போன வாரம் புளி வியாபாரி நசருல்லா பாய் மகள் அஃப்ரா வந்து, "கொஞ்சம் தள்ளுடி, அங்கருந்து எனக்கு போர்டே தெரியல" என்று உட்கார்ந்தாளாம். அதைச் சொல்லும்போது இவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ.

ஆனால் மாதப் பரீட்சையில் கணக்கில் ஃபெயில். சேற்றிலும் அழாதவள், கேட்டிலும் அழாதவள், அந்தப் பேப்பரை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். "இத்தினி மாசமா எனக்கு யாருமே சொல்லிக் குடுக்கலம்மா" என்றாள்.

தம்பி, நீ வந்து ஒருத்தரை அடித்தால் நாளைக்கு ஊர் அதைத்தான் பேசும், அந்தப் பிள்ளைகள் நடந்து போனதை ஒருத்தரும் பேச மாட்டார்கள். அவசர லீவு வேண்டாம், பொங்கலுக்கு உன் முறை லீவிலேயே வா. குளிருக்குக் காதைக் கட்டிக்கொள், வெறும் வயிற்றில் டீ குடிக்காதே. உனக்கும் உன்னோடு இருக்கிற பிள்ளைகளுக்கும் ஒரு குறையும் வராமல் வேடியப்பன் கூடவே நிற்பான். மறந்துவிடாதே என்று உன் தங்கச்சி ஒன்று எழுதச் சொன்னாள், அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "அண்ணன் வந்தா யார் கூடயும் சண்ட போட வேணாம், எனக்கு அல்ஜீப்ரா சொல்லிக் குடுக்கச் சொல்லு."

உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
சின்னக்குழந்தை