இடப்பக்கம் இழுத்த சைக்கிள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்ற நினைப்போடுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். அப்பா சைக்கிள் ஓட்டுகிற கதையை உனக்குப் பாதிதான் சொல்லியிருக்கிறேன். சர்க்கரைக்கு நடக்கச் சொன்னார் டாக்டர், நடந்தால் எனக்குக் கொட்டாவி வருகிறது. ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் மெஷின் வாங்க நிதி திரட்டி ஒரு குழு நூறு கிலோமீட்டர் ஓட்டப் போகிறது என்றார்கள், சேர்ந்துவிட்டேன். தானமாக வந்த பழைய சைக்கிள்களில் ஒன்றை எனக்குக் கொடுத்தார்கள், கரும்பச்சை, பெல் மட்டும் இல்லை. "விழுந்து கால ஒடச்சுக்கிட்டா எங்கிட்ட நடந்து வராதீங்க" என்றாள் உன் அம்மா.

தினமும் காலையில் பயிற்சி. தண்ணீர்த் தொட்டி முக்குக்கு வந்தால் மட்டும் ஹேண்டில் இடப்பக்கம் இழுக்கும். முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான், காரணம் இல்லாமல் எதுவும் ஒரு பக்கம் இழுக்காது. கழற்றிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. சைக்கிள் கடைக்காரர் ஓட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, கோடு போட்ட மாதிரி போகுது, உங்க கைதான் சரியில்ல" என்றார். ஏழாம் நாள் வருவது வரட்டும் என்று விட்டுவிட்டேன். மூன்று தெரு திரும்பி ஒரு நீல கேட்டுக்கு முன்னால் வண்டி தானாக நின்றது. உள்ளேயிருந்து ஒரு குரல், "கதவு தொறந்துதான் இருக்கு, வாங்க" என்றது. போய்ப் பார்த்தால் சமையலறையில் ஒரு அம்மாள் முந்தின நாள் சாயங்காலம் விழுந்தபடியே கிடக்கிறார், இடுப்பு எலும்பு முறிந்து. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுத் தண்ணீர் கொடுத்தேன். "ஒரு வாரமா கேட் வரைக்கும் வந்து சைக்கிள் பெல் அடிச்சிட்டுப் போயிட்டே இருந்தீங்களே, இன்னிக்காவது வரணும்னு தோணுச்சே" என்றார். இன்றுதான் வருகிறேன் என்றேன். திறந்திருந்த கதவு வழியாக வாசலில் நின்ற வண்டியையே அவர் பார்த்தார். அது அவர் கணவருடையது, டயாலிசிஸில் இருந்து இறந்தவர், குழுவுக்குக் கொடுத்ததே இந்த அம்மாள்தான்.

ஆபரேஷன் முடிந்து அந்த அம்மாள் தன் தங்கை வீட்டுக்குப் போகும்போது வண்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "நீங்களே வச்சுக்கங்க, அங்க மூணாவது மாடி, அவரால ஏற முடியாது" என்றார், சாதாரணமாக. அதற்குப் பிறகு அந்த முக்கில் வண்டி இழுக்கவே இல்லை. நூறு கிலோமீட்டரும் ஓட்டி முடித்தேன், இரண்டு நாள் படி இறங்க முடியவில்லை, மெஷினும் வந்துவிட்டது, சர்க்கரையும் இறங்கிவிட்டது. போன மாதம் ஒரு நாள் ஊருக்கு வெளியே போய்க்கொண்டிருக்கும்போது வண்டி சட்டென்று வீட்டுப் பக்கம் திரும்பியது. நான் யோசிக்கவே இல்லை, மிதித்தேன். உன் அம்மா குளியலறை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "சும்மாதான் உக்காந்திருக்கேன்" என்றாள். மூன்று வாரமாக மாடி ஏறினால் நெஞ்சை அடைத்திருக்கிறது, வாயே திறக்கவில்லை. இதயக் குழாயில் அடைப்பு, அன்றைக்கே ஸ்டென்ட் வைத்தார்கள். உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். இப்போது நன்றாக இருக்கிறாள், என்னை அதட்டுகிறாள்.

அந்தச் சத்தியத்தை ஏன் மீறுகிறேன் என்றால், ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வண்டி மறுபடி இழுக்கிறது. பெரிய சாலையில், மேம்பாலத்துக்குக் கீழே. மூன்று நாளும் பிரேக்கை அழுத்திப் பிடித்து, இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தேன். அந்தச் சாலை விமான நிலையத்துக்குப் போகிறது, நீ இருக்கிற ஊருக்கு விமானம் ஏறுகிற இடத்துக்கு. நேற்று போனில் கேட்டேன், "நல்லாத்தான் இருக்கேன்பா" என்று சிரித்தாய். நீ உன் அம்மா பெற்ற பெண், அவளும் அப்படித்தான் சொன்னாள். அம்மாடி, தலைவலியோ காய்ச்சலோ கட்டியோ, எதுவாக இருந்தாலும் இந்தக் கடிதம் கிடைத்த அன்றே டாக்டரைப் பார். மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ, தனியாகப் போகாதே. பார்த்துவிட்டு உள்ளதை உள்ளபடி எழுது. அம்மாவுக்கு இது தெரிய வேண்டாம். நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
உன் அப்பா