நைனா முடிச்சு போட்ட ஒயர்

புதுரேவுக் குப்பம்,
பழவேற்காடு.
தை மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் ரஞ்சித்குமாருக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்றுதான் எல்லோரும் கடிதம் தொடங்குவார்கள். எங்கள் நலத்தைத்தான் நீ நாலு கேமராவில் பார்த்துக்கொண்டிருக்கிறாயே, அதைத் தனியாக எழுத என்ன இருக்கிறது. உன் நலத்தைப் பார்க்க எனக்குத்தான் ஒரு கேமராவும் இல்லை. வேளைக்குச் சாப்பிடுகிறாயா, நாள் முழுக்க ஸ்கிரீனைப் பார்த்துக் கண் எரிகிறது என்றாயே தேவலையா, அந்தக் கண்ட்ரோல் ரூமில் ஏசி ஜாஸ்தி என்றாயே சளி பிடிக்காமல் இருக்கிறதா, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுது. போன் இருக்கும்போது எதற்கு அம்மா கடிதம் என்று சிரிப்பாய். போனில் நீ சாப்பிட்டாயா என்பாய், நான் சாப்பிட்டேன் என்பேன், அதற்குள் உன் பிரேக் முடிந்துவிடும். அதுவுமில்லாமல் இப்போது எழுதப்போகிற விஷயத்தை உன் காதில் போடக் கூடாது என்று உன் நைனா என் வாயைக் கட்டியிருக்கிறார். வாயைத்தானே கட்டினார், கையைக் கட்டவில்லையே. உன்னோடு படித்த ஜோஷ்வா லீவு முடிந்து நீ இருக்கும் கத்தாருக்கே திரும்புகிறான். அவனிடம் காய்ந்த இறாலும் நெத்திலிக் கருவாடும் கொடுத்துவிட்டு, கருவாட்டுப் பொட்டலத்துக்குள்ளேயே இதையும் வைக்கிறேன். நாற்றமடித்தால் பொறுத்துக்கொண்டு படி. உன் நைனா ஏரியில் இருக்கிறார், வருவதற்குள் முடிக்க வேண்டும்.

இங்கே முகத்துவாரம் இந்த வருஷம் மூடாமல் இருக்கிறது, ஏரியில் தண்ணீர் நன்றாக ஏறி இறங்குகிறது, இறால் குறை சொல்லும்படி இல்லை. மழையில் சமையலறை ஓட்டில் ஒழுகியது, மூர்த்தி சித்தப்பா ஏறி மாற்றிக் கொடுத்தார். நீ வாங்கித் தந்த மிக்ஸியின் மூடி உடைந்துவிட்டது, அதனால் ஒன்றும் குறைந்து போகவில்லை, அம்மி இருக்கிறது. போட் என்ஜின் திருட்டுப் போனதிலிருந்து உன் நைனா கரையிலேயே படுத்து எழுந்தாரே, அந்தக் கஷ்டம் நீ கேமரா வாங்கி அனுப்பிய பிறகுதான் தீர்ந்தது, அதை நான் மறக்கவில்லை. கரையில் கரண்ட் கிடையாதே, அங்கே எப்படி கேமரா ஓடும் என்று நாங்கள் முழித்தபோது, தனியாகக் கரண்ட் இழுக்க வேண்டாம், வீட்டிலிருந்து ஒரே ஒரு நெட்வொர்க் ஒயர் போதும், அதிலேயே கரண்டும் போகும், படமும் வரும், கரைக் கம்பத்துப் பெட்டியில் போய் அது நாலாகப் பிரியும், மூன்று கரையைப் பார்க்கும், ஒன்று நம் வாசலைப் பார்க்கும் என்று நீ போனிலேயே சொல்லிச் சொல்லி மாட்ட வைத்தாய். ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. எங்கேயோ உட்கார்ந்துகொண்டு என் பிள்ளை இங்கே நாலு கண் திறந்துவிட்டான் என்று எனக்கு ஒரே பெருமை.

ஆனால் கண்ணு, அம்மா ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. கேமரா வந்த பிறகு உன் போன் குறைந்துபோய்விட்டது. முன்பெல்லாம் படகு திரும்பிவிட்டதா என்று கேட்கவாவது தினமும் கூப்பிடுவாய். இப்போது படகு வருவதை நீயே பார்த்துவிடுகிறாய். கூப்பிட்டாலும், ஏன்மா வெயிலில் உட்கார்ந்து இறால் உரிக்கிறாய், நைனாவிடம் படகுக்குப் போட்ட அந்தப் பலகைமேல் நடக்க வேண்டாம் என்று சொல், என்று மேஸ்திரி மாதிரி உத்தரவு போட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். போன வருஷமும் நீ வரவில்லை. இந்த வருஷமும் லீவுக்கு வரவில்லை, அதான் தினம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன் என்று நீ சாதாரணமாகச் சொன்னாய். அன்றைக்கு நான் சரி என்று சொல்லிவிட்டுப் போய் அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதேன். அங்கே கேமரா இல்லை, உனக்குத் தெரியாது.

விஷயத்துக்கு வருகிறேன். இறால் வலை கட்டும் இடத்துக்கு முறை பிரிக்கிற பாடு சீட்டு நம் கரையில் போட்டார்கள். நம் ஊர்க் கட்டுப்பாடு உனக்குத் தெரியாததில்லை, பேரைக் கூப்பிட்டால் ஆள் நின்று இருக்கேன் என்று சொல்ல வேண்டும். வெளியூரில் இருப்பவனுக்காக அப்பன் ஒரு சீட்டுக்குச் சொல்லலாம், இரண்டு சீட்டுக்குச் சொல்லலாம். அதற்கு மேல் விட மாட்டார்கள், பேரை எடுத்துவிட்டுக் காத்திருக்கிற அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். உனக்காக உன் நைனா இரண்டு முறை சொல்லியாகிவிட்டது, இது மூன்றாவது சீட்டு. இதை அவர் உன்னிடம் சொல்லவே இல்லை. பிள்ளை மனசு கலங்குவான் என்று மறைத்தார். நாளைக்குக் கரையில் கூட்டம், சும்மா பார் என்று மட்டும்தான் சொன்னார், நீயும் பிரேக்கில் பார்க்கிறேன் என்றாய். முதல்நாள் காற்றில் ஒயர் தொய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. பிள்ளைக்குப் படம் ஆடாமல் தெரிய வேண்டும் என்று இவர் என்ன செய்தார் தெரியுமா, பூபதி மாமாவைக் கூப்பிட்டுக்கொண்டு போய், வீட்டிலிருந்து கரை வரைக்கும் ஒவ்வொரு சவுக்குக் கம்பத்திலும் ஒயரை வலைக் கயிறு மாதிரி இழுத்து, எந்தக் காற்றுக்கும் அவிழாத முடிச்சாகப் போட்டு, காலை உதைத்து இறுக்கிவிட்டார். கயிறு கையில் கிடைத்தால் முடிச்சுப் போடாமல் விட அந்தக் கைக்குத் தெரியாது. கட்டி முடித்துவிட்டு, பார் இந்திராணி, வீணைக் கம்பி மாதிரி நிற்கிறது என்று என்னிடம் பெருமை வேறு. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

மறுநாள் பொழுது சாயும் நேரம் சீட்டு. தலைவர் நீலமேகம் பெரியப்பா உன் பேரைக் கூப்பிட்டார். உன் நைனா எழுந்து இருக்கான் என்றார். அடுத்தது அவர் சொன்னதைக் கேட்டு நானே திடுக்கிட்டேன். கம்பத்துக் கேமராவைக் கையால் காட்டி, "எங்க போயிட்டான் எம்புள்ள? அதோ, நம்ம எல்லாரையும் பாத்துக்குனுதான் கீறான்" என்று சொன்னார். எல்லோரும் தலையைத் தூக்கிக் கேமராவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன், நீ பார்க்கிறாய் என்று நம்பித்தான் பார்த்தேன். பெரியப்பா கெட்டவர் இல்லை, ஆனால் கட்டுப்பாடு என்றால் கட்டுப்பாடுதான். பாக்குறவன் எல்லாம் ஏரில எறங்குவானா பொன்னுரங்கம் என்று கேட்டார். அதற்குள் பூபதி மாமாவின் மகன் ஹரிஹரன், அடுத்ததாகப் பேர் சேரக் காத்திருக்கிறவன் அவன்தான், இருட்டினால் கேமராவில் சிவப்பாக எரியுமே அந்த வெளிச்சம் நாலிலும் எரியவில்லை என்று பார்த்துவிட்டு, கேமரா செத்துக் கிடக்குது மாமா என்றான். வேண்டுமென்று சொல்லவில்லை பாவம், வெகுளி. ஆனால் கூட்டம் சிரித்துவிட்டது. உன் நைனா மட்டும் அந்தக் கேமராவையே பார்த்துக்கொண்டு நின்றார். தூக்கிய கையை இறக்கக்கூட அவருக்கு வரவில்லை. கடைசியில் பெரியப்பாவே மனசு இளகி, பங்குனியில் அடுத்த சீட்டு, பையன் நேரில் வந்து நின்றால் பேர் இருக்கும், இல்லாவிட்டால் ஹரிஹரனுக்கு என்று முடித்தார். அன்றைக்கு ராத்திரி நீ போன் பண்ணினாய், நினைவிருக்கிறதா, படமே வரவில்லை, ஒரே ஒயர், அதையும் கெடுத்துவிட்டீர்களா என்று நைனாவைக் கடிந்துகொண்டாய். அவர் காற்றுதான்டா என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் கொடுத்தார். சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. கேமரா செத்துவிட்டது என்று தெரிந்தும், மறுநாள் ஏரியிலிருந்து வந்ததும் வழக்கம்போல அந்தக் கம்பத்துக்கு நேராகப் போய் நின்று வலையை உதறினார். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. உதறின வலையையே திரும்ப உதறுவார். படம்தான் போகவில்லையே, யாருக்குக் காட்டுகிறீர் என்று கேட்டேன். எனக்கு இங்க நின்னாத்தான் வேலை ஓடுது, உனக்கு இன்னா என்று எரிந்து விழுந்தார். இத்தனை நாளும் இவர் வலை காயப்போட அங்கே நிற்கவில்லை, உனக்காகத்தான் நின்றிருக்கிறார் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

நேற்றுப் பொன்னேரியிலிருந்து சரவணன் என்கிற தம்பி வந்து சரிசெய்துவிட்டான். முடிச்சைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டான். அந்த ஒயருக்குள்ளே மெல்லிசாக எட்டு ஒயர் இரண்டிரண்டாக முறுக்கிக்கொண்டு போகிறதாம், முடிச்சு இறுகின இடத்திலெல்லாம் நசுங்கி அறுந்திருந்தது. இது கயிறு இல்லீங்க என்றான். கயிறு இல்லன்னா எதுக்கு இவ்ளோ நீளம் என்று உன் நைனா விடவில்லை. அவன் முதலில் ஒரு கம்பியைக் கம்பத்துக்குக் கம்பம் இழுத்துக் கட்டி, அதற்குக் கீழே புது ஒயரைத் தளர்வாகத் தொங்கவிட்டுக் கட்டினான். பெட்டிக்குள் போகுமுன் ஒயரைக் கொஞ்சம் கீழே வளைத்துவிட்டு மேலே ஏற்றினான், மழைத் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடுமாம். உங்கள் ஆசைக்குக் கம்பியில் எத்தனை முடிச்சு வேண்டுமானாலும் போடுங்கள், ஒயரைத் தொடாதீர்கள் என்று உன் நைனாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான். ஒரே ஒயர், நாலும் திரும்ப எரிகிறது, நீ பார்த்திருப்பாய்.

அந்தத் தம்பிதான் தன் போனில் படத்தைக் காட்டினான். இத்தனை நாளில் நான் அதைப் பார்த்ததே இல்லை. வாசல் கேமராவில் ஒரு பொம்பளை குனிந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் பதிவான படமாம், அது நான்தான். மேலே உயரத்தில் மாட்டியிருப்பதால் உச்சந்தலைதான் தெரிகிறது, வகிடும் நரையும்தான், முகம் இல்லை. கரையில் உன் நைனாவும் அப்படித்தான், தலைப்பாகையும் தோளும். ராஜா, இத்தனை நாளும் தினம் பார்க்கிறேன், தினம் பார்க்கிறேன் என்று நீ இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாயா. என் முகம் எப்படி ஆகிவிட்டது என்று உனக்குத் தெரியாது. உன் முகத்தை நான் தொட்டுப் பார்த்து எத்தனை காலம் ஆகிறது.

பாடு போய்விடும் என்று பயமுறுத்தி உன்னை வரவழைக்க நான் எழுதவில்லை. ஹரிஹரனும் கல்யாணமானவன், அவனுக்கும் வயிறு இருக்கிறது. நீ ஏரியில் இறங்கப்போவதில்லை என்று முடிவு செய்தால், அதையும் நீயே வந்து கரையில் நின்று சொல். உன் நைனா கை காட்டின இடத்தில் நீ நிற்க வேண்டும், ஊர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. லீவு எப்படிக் கேட்பது, யாரிடம் கேட்பது என்று ஜோஷ்வாவுக்குத் தெரியும், அவனைக் கலந்துகொள். நான் எழுதியதை நைனாவிடம் காட்டிக்கொடுத்துவிடாதே, நீயாகவே வருகிற மாதிரி வா. கருவாட்டை வெந்நீரில் இரண்டு முறை அலசிவிட்டுச் சமை, உப்பு ஜாஸ்தி. தலைக்கு எண்ணெய் வை. கங்கையம்மன் உன்னைக் கண்ணிமைபோல் காக்கட்டும், போகிற இடத்தில் உனக்கு நல்லவர்களே எதிர்ப்படட்டும்.

ஒன்றை மறக்காதே. நாளையிலிருந்து வாசலில் இறால் உரிக்க உட்காரும்போது கேமராவை நிமிர்ந்து பார்ப்பேன். நீ அந்த நேரம் பார்க்கிறாயோ இல்லையோ, தினமும் பார்ப்பேன். அம்மா சும்மா பார்க்கிறாள் என்று நினைக்காதே. உன்னை வா என்று கூப்பிடுகிறேன்.

நீ வருகிற வரைக்கும் நிமிர்ந்தே இருக்கும்
உன் அம்மா,
இந்திராணி