பிரான்சிஸின் கைநடுக்கம்

திங்கள்

காலையிலேயே புழுக்கம். கொடித்துணியெல்லாம் கரித்தூள். மறுபடி துவைத்தேன்.

என் வீட்டுக்காரர் பிரான்சிஸ் சனிக்கிழமையும் வேலைவிட்டு வியர்த்து ஊற்ற வந்தார். கை நடுக்கம். குடியை விட்டு நாலு வருஷம். விட்டாரா? கண்ணயர்ந்தபோது வாயை மோந்து பார்த்தேன். வாடை இல்லை. பாக்கு போட்டு மறைத்திருப்பாரோ.

செவ்வாய்

வேலை செய்கிற கன்டெய்னர் யார்டில் அவருக்குத் தலைசுற்றி, ஓட்டிய போர்க்லிப்ட் வண்டி சுவரில் மோதல். நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. கூட வேலை செய்பவர் போன்: "ஒண்ணும் ஆவல அண்ணி. அண்ணன்கிட்ட இன்னான்னு கேளு." போன் செய்தவருக்கு ஏதோ தெரியும்.

ஆஸ்பத்திரி. முதலில் அவர் மட்டும் உள்ளே. பிறகு என்னையும் கூப்பிட்டார்கள். டாக்டர் வெளியூர், சின்ன வயசு. "குடிக்கிறார்மா. இந்தப் பக்கத்து ஆம்பளைங்க யாரும் ஒத்துக்க மாட்டாங்க." போன மாச ரத்தப் பரிசோதனையைப் பார்த்து, ஏற்கெனவே போடுகிற சர்க்கரை மாத்திரையையும் அளவு கூட்டி எழுதினார். பிரான்சிஸ் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

புதன்

வாங்க: மாத்திரை, வெங்காயம், கொசுவத்தி.

அவர் பையைச் சோதித்தேன். ஜெபமாலை, பஸ் டிக்கெட். சாப்பாட்டு டப்பா பளிச்சென்று கழுவி. டப்பா கழுவுகிற ஆளா இவர்? எவள் கழுவுகிறாள்?

வியாழன்

பஸ் ஸ்டாப்பில் விழுந்துவிட்டார். அதே ஆஸ்பத்திரி. நர்ஸ் சல்மா, புளியந்தோப்புப் பெண், விரலில் குத்திப் பார்த்தாள். சர்க்கரை அடிமட்டம். குளுக்கோஸ் ஏற்றினாள். அவர் கண் திறந்ததும் கேட்டாள்.

"அண்ணா, உங்களுக்குத் தவக்காலம் இல்ல? பட்டினியா கீறீங்களா?"

"ஒருசந்தி. சாயங்காலம் ஒருவேளைதான் சாப்பாடு."

"மாத்திரை?"

"காலைல போட்டுக்குவேன்."

"எங்க அத்தாவும் நோன்புல இப்டிதான் வுயுந்தாரு. டாக்டராண்ட சொல்லலியா?"

"அன்னிக்கே சொன்னேன், ஒருசந்தி சார்னு. இன்னான்னு கேக்கல. எழுதிக்கினே இருந்தாரு."

மகள் ரோஸிக்கு எட்டாம் மாசம். அவளுக்காக வேண்டுதலாம். சொன்னால் நான் விடமாட்டேனாம். நான் கட்டிக்கொடுத்த சாப்பாடு தினமும் யார்டில் ஒரு பீகார்காரருக்கு. டப்பாவைக் கழுவியது அவர்தான்.

வெள்ளி

டாக்டர் மாத்திரையைக் குறைத்து, சாயங்காலச் சாப்பாட்டோடு போடச் சொன்னார். சீட்டில் 'குடிப்பழக்கம்' அப்படியே இருந்தது.

"இத அடிச்சிடுங்க சார்."

"இருந்தா என்னம்மா?"

"நாளைக்கி வேற டாக்டர் படிப்பாரு. அடிங்க."

நகரவில்லை நான். அடித்தார்.

ஆட்டோவில் திருவொற்றியூர் வந்தோம். இறங்கும்போது பிரான்சிஸ்: "அவுரு வெளியாளு, வுட்டுத்தள்ளு. அவுரு அப்டி சொன்னப்ப நீ இன்னாத்துக்கு வாயத் தொறக்கல?"